முறுக்கு மிஷினும் உங்கள் மாமாவின் மணிக்கட்டும்

பிள்ளைகளே, நான் எதைக் கட்டினாலும் வாய்க்குள் ஆறு வரை எண்ணுவதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். படலுக்குக் கம்பி கட்டினாலும் எண்ணுகிறேன், துணி காயப்போடும் கொடிக்கு முடிச்சுப் போட்டாலும் எண்ணுகிறேன். போன வாரம் சின்னவள் எனக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைப் போலவே உதட்டை அசைத்துக் காட்டினாள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்க ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் மாமாவின் இடது மணிக்கட்டு கோணி நிற்பதற்கும் அதுதான் காரணம். புளியமரத்திலிருந்து விழுந்து அப்படி ஆகிவிட்டது என்று உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அவர் எந்த மரத்திலிருந்தும் விழவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன், கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் இருக்கும். பெரியவன் அப்போது பிறக்கவில்லை. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சேலத்துக்கு அந்தப் பக்கமெல்லாம் மழை இல்லை, மாடு வைத்திருந்தவர்கள் தீவனத்துக்கு அலைந்தார்கள். எங்கள் பக்கம் ஏரிகளில் கொஞ்சம் தண்ணீர் நின்றதால் நெல் விளைந்திருந்தது. அரூரில் சேலம் ரோட்டை ஒட்டி ஒரு முதலாளி களம் போட்டு, சுற்று ஊர்களில் வைக்கோல் வாங்கி, அதை அமுக்கிக் கட்டாக்கி லாரியில் அனுப்பிக்கொண்டிருந்தார். நானும் உங்கள் மாமாவும் அங்கேதான் வேலை செய்தோம். மாமா உங்கள் அம்மாவுக்குத் தம்பி, அப்போது இருபது வயசு. லோடு அடுக்குவது, மேலே கயிறு போட்டு இழுத்துக் கட்டுவது, அந்த லோடின் மேலேயே உட்கார்ந்துகொண்டு போய் சேலத்தில் இறக்கிவிட்டு வருவது, இதெல்லாம் அவர் வேலை.

களத்தில் இரண்டு பிரஸ் இருந்தன. பிரஸ் என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, அதற்கு மேலே ஓர் இரும்புத் திருகு. பெட்டியில் வைக்கோலை மிதித்து நிரப்பி இரண்டு பேர் திருகைச் சுற்றினால் பலகை இறங்கும், வைக்கோல் கல் மாதிரி அமுங்கும். அமுங்கிய நிலையிலேயே பலகைச் சந்து வழியாக நாலு கம்பிகளைச் சுற்றி விட்டு, ஒவ்வொரு கம்பியின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்க வேண்டும். பிறகு திருகைத் தளர்த்தினால் வைக்கோல் உப்பிக்கொண்டு வந்து கம்பியில் இறுகும். அந்த உப்புதலைத் தாங்குவது முறுக்கு மட்டும்தான். முறுக்கு நழுவிவிட்டால் கட்டு என்று ஒன்று கிடையாது.

அதுவரை இரண்டு பிரஸ்ஸிலும் குறடு வைத்துக் கையால்தான் முறுக்கினோம். அதில் எங்களையெல்லாம் மிஞ்சியவர் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. நாற்பது வயசு இருக்கும். கையும் வாயும் ஒரே வேகத்தில் போகும். நான் மூன்றாவது கம்பிக்கு வரும்போது அவர் நாலையும் முடித்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கு ஆகாது.

ஒரு நாள் முதலாளி கோயமுத்தூரிலிருந்து மிஷின் மாட்டும் பிட்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, சாக்குச் சுற்றிய ஒரு சாமானோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் தையல் மிஷின் அளவுக்கு ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒரு பெரிய பல்சக்கரம், அதோடு சேர்ந்து ஓடும் ஒரு சின்னப் பல்சக்கரம். சின்னதின் நடுவில் வெட்டுவாய் மாதிரி ஒரு பிளவு. கம்பியின் இரண்டு முனைகளையும் அந்தப் பிளவில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால், சின்னச் சக்கரம் சுழன்று கம்பியைக் கம்பியோடு முறுக்கிவிடும். கீழே ஒரு தகடு இருந்தது, மிச்சத்தை அது நறுக்கிவிடும். என் பிரஸ்ஸின் பக்கவாட்டில் அதைப் பொருத்தினார்கள். எட்டாவது படித்தவன் என்பதற்காக என்னை அதற்கு ஆளாகப் போட்டார் முதலாளி.

பிட்டர் என் கையைப் பிடித்தே சுற்றிக் காட்டினார். "கைப்பிடி மூணு சுத்துங்க. கைப்பிடி மூணு, கம்பி ஆறு. கடைசி ஒண்ணரச் சுத்து கனமா வரும், அங்க மெதுவாப் போங்க. வேகமா இழுத்தா கம்பி அத்துரும்."

அக்கா குறடைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்னா மிஷினுங்க?"

"கம்பி முறுக்கற மிஷினும்மா" என்றார் பிட்டர்.

"முறுக்கு மிஷினா? எண்ணெச் சட்டி எங்க காணோம்? மிஷின்காரரே, எனக்கு எள்ளு போட்டு ரெண்டு சுட்டுக் குடுங்க."

அன்றிலிருந்து அதற்கு முறுக்கு மிஷின் என்றே பெயர் நின்றுவிட்டது. எனக்கு மிஷின்காரர் என்று பெயர். அதற்கு முன் என்னை "ஏம்ப்பா" என்று கூப்பிட்ட அக்கா, அதற்குப் பிறகு "என்னாங்க, வாங்க" என்று மரியாதை வைத்தே குத்தினார்.

முதல் நாள் மிஷின் எனக்கு ஒத்துழைக்கவில்லை. கடைசிச் சுற்றில் இரண்டு மூன்று தடவை கம்பி அறுந்தது, எடுத்துத் திரும்பக் கோர்க்க வேண்டியதாயிற்று. பொழுது சாயும்போது குறடுக்காரி நாற்பது கட்டு, மிஷின்காரர் முப்பத்திரண்டு. உங்கள் மாமா லாரி மேலிருந்து என்னைப் பார்த்து, "மாமா, முறுக்கு இன்னும் வேகலியாட்டம் இருக்குது" என்று கத்தினார். களமே சிரித்தது. வீட்டுக்கு வந்தும் என் வலது கை தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் அம்மா, "கைய என்னா பண்றீங்க, காத்தாடியா விடறீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் சேலம் லாரி சீக்கிரமே வந்து நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் லோடு கிளம்பியாக வேண்டும் என்றார் முதலாளி. நான் கைப்பிடியில் கை வைத்தவுடனே அக்கா ஆரம்பித்தார்.

"மூணு சுத்துன்னா, மூணு முடிச்சு போடறாப்பல இருக்குது. ஒரு நாளைக்கு முப்பது தாலி கட்டறாரு நம்ம மிஷின்காரரு. வூட்ல அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"முப்பதா? கட்டுக்கு நாலு கம்பி, அக்கா. கணக்குப் போட்டுப் பாருங்க" என்றார் உங்கள் மாமா. "எங்கக்காவுக்குக் கட்டறப்ப கை ஒதறுச்சு. சாமியாரு கூடச் சிரிச்சிட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளேதான் எனக்குக் கெட்ட யோசனை ஒன்று வந்தது. மாதா கோவிலில் பீடத்துக்கு முன்னால் நின்று உங்கள் அம்மாவுக்கு நான் போட்டது மூன்று முடிச்சு. நூல் கயிற்றில் போட்டது. அது ஆயுசுக்கும் நிற்கிறது. நூலுக்கே மூன்று போதும் என்றால் இரும்புக் கம்பிக்கு எதற்கு ஆறு? அந்தக் கனமான கடைசி ஒன்றரைச் சுற்றை விட்டுவிட்டால் கம்பியும் அறாது, நேரமும் மிச்சம். ஒரு கட்டுக்கு அப்படிச் செய்து பார்த்தேன். கைப்பிடி ஒன்றரைச் சுற்று, கம்பி மூன்று முறுக்கு. திருகைத் தளர்த்தியதும் வைக்கோல் உப்பி இறுகியது. விரலால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிட்டர் ஊருக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு என் கை பறந்தது. அக்கா மூன்றாவது கம்பியில் இருக்கும்போது நான் நாலையும் முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றேன். "அடேங்கப்பா!" என்றார் அவர். என் கட்டுகள் முதலில் தயாரானதால் லாரியில் அடி வரிசை முழுக்க என் கட்டுகளாகவே போயின. அவற்றுக்கு மேல் அக்காவின் கட்டுகள், அதற்கு மேல் கயிறு, கயிற்றுக்கு மேல் உங்கள் மாமா. உங்கள் அம்மா கொடுத்து அனுப்பிய களித் தூக்கை நான்தான் கீழே நின்று அவர் கைக்கு எட்டும்படி தூக்கிக் கொடுத்தேன். லாரி ஆடிக்கொண்டே சேலம் ரோட்டில் திரும்பியது. அவர் கையைத் தூக்கி, மிஷின் சுற்றுவது மாதிரி காற்றில் சுற்றிக் காட்டினார்.

லோடில் ஏற இடமில்லாமல் என் கட்டு ஒன்று களத்திலேயே வெயிலில் கிடந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். 'டிங்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொரு 'டிங்'. அந்தக் கட்டின் ஒரு பக்கம் மெல்லத் திறந்துகொண்டது. வைக்கோல் வெளியே தள்ளியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கம்பியின் முறுக்கு தானாக அவிழ்ந்து நிமிர்ந்தது.

அக்கா என்னைத் தாண்டிப் போய்க் குனிந்து கம்பியை எடுத்தார். முனையில் இருந்த வளைவுகளைக் கட்டைவிரலால் தடவி எண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"மூணா போட்ட?"

நான் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன்.

"நான் சொன்னது வெளையாட்டுக்குடா. மூணு முடிச்சு பொம்பளைக் கழுத்துல கெடக்கும். இந்த வைக்கலு கெடக்குமா? நிமுந்துக்கும்ல?" பிறகு குரல் இறங்கிவிட்டது. "லோடுல எத்தன போயிருக்குது?"

"அடி வரிச பூரா என்னுதுதான்க்கா."

"மேல உன் மச்சானில்ல உக்காந்துக்கிறான்?"

கால் செருப்பைத் தேடியது ஞாபகம் இருக்கிறது. செருப்பு காலிலேயே இருந்தது. சேலம் ரோட்டில் மஞ்சவாடிக் கணவாய் இருக்கிறதே, அந்த வளைவுகளை நினைத்தேன். சம ரோட்டில் ஓடும்வரை கட்டுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். வளைவில் அடி வரிசை பிரிந்தால் மேலே இருப்பதெல்லாம் சரியும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமல் ரோட்டுக்கு ஓடி, வந்த சேலம் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினேன்.

பஸ்ஸில் இடம் இருந்தது. நான் உட்காரவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, சீட்டு காலியாக் கெடக்குதில்ல, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"பரவால்லீங்க."

"நின்னா மட்டும் முன்னாடி போயிருவீங்களா?"

ரோட்டோரப் புளியமரங்களின் கிளைகளில் அங்கங்கே வைக்கோல் தொங்கியது. எந்த வைக்கோல் லாரி போனாலும் அப்படித் தொங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு மரமாக எண்ணினேன். இந்த மரத்தில் கொஞ்சம், அந்த மரத்தில் கொஞ்சம் கூடுதல். வழியில் ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. இறங்கி ஓடிப்போய், வைக்கோல் லாரி நின்றதா என்று கேட்டேன். நின்றது, டிரைவர் சாப்பிட்டார், மேலே இருந்த பையன் இறங்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து தூக்கைத் திறந்து சாப்பிட்டான் என்றார் கடைக்காரர். இறங்கியிருந்தால் கொஞ்ச தூரமாவது கேபினில் உட்கார்ந்து போயிருப்பாரே என்று பட்டது. நான் ஏறுவதற்கு முன்பே கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், ஓடும் பஸ்ஸில் தொற்றினேன். வாய்க்குள் ஜெபம் ஆரம்பித்து ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். பாதியில் விட்ட ஜெபத்தைத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கணவாய் ஏறி மூன்றாவது வளைவா நாலாவதா என்று நினைவில்லை, பஸ் நின்றுவிட்டது. ரோட்டை அடைத்துக்கொண்டு வைக்கோல். அதற்குள் எங்கிருந்தோ நாலைந்து மாடுகள் வந்து மேய்ந்துகொண்டிருந்தன. லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்த லோடோடு நின்றது. மலைப்பக்கம்தான் சரிந்திருந்தது. பள்ளத்துப் பக்கம் சரியவில்லை.

மாமா சின்னப் பாலத்துக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வைக்கோல். வலது கையால் இடது கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டு வேறு யாருடையதோ மாதிரி திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"மாமா, நீங்க எப்படி இங்க?"

என் வாயில் வந்தது பொய். "சேலத்துல ஒரு வேலடா."

"நல்ல வேளைக்கு வந்தீங்க" என்றார் அவர்.

டிரைவர் பீடியைப் பற்றவைத்தபடி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "கயித்த இழுத்துக் கட்டச் சொன்னா இவன் பாட்டுக்குப் பாட்டுப் பாடறான். கயிறு தளந்து லோடு போச்சு. நான் பிரேக்க மிதிக்கலைன்னா இந்நேரம் எல்லாரும் பரலோகந்தான்."

"ஆமா மாமா" என்று மாமா மெதுவாகச் சொன்னார். "நான்தான் அந்தப் பக்கம் சரியா இழுக்கல போல. என் மேலதான் தப்பு."

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டேன்.

அவரைத் திரும்பும் பஸ்ஸில் ஏற்றி, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஒருவரிடம் கூட்டிப்போனேன். மூங்கில் பட்டையை வைத்துத் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். நான் சுற்றுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, "போதுங்க, நான் என்ன வைக்கல் கட்டா?" என்றார். கட்டுப் போடுபவர் சிரித்தார்.

வீட்டில் உங்கள் அம்மா தம்பியின் கையைப் பார்த்து அழுதாள். பிறகு இருவருக்கும் சோறு போட்டாள். மாமா ஒரு கையாலேயே தட்டை வழித்துச் சாப்பிட்டார். நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"கை ஒடஞ்சது அவனுக்கு. சோறு எறங்காதது உங்களுக்கா?" என்றாள் அம்மா.

எழுந்து கை கழுவினேன். வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், திரும்ப வாசலுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் மாமாவும் கழுத்திலிருந்து துணித் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னோடு களத்துக்கு வந்தார். வேலை போய்விடும் என்று பயம் அவருக்கு. முதலாளி எங்களைப் பார்த்த உடனே பிடித்துக்கொண்டார். "ஒரு கயிறு கட்டத் துப்பில்ல. இனிமேட்டு லோடுல ஏறாத. களத்துக்கே வராத. போ."

மாமா தலையைக் குனிந்து நின்றார். தன் பிரஸ்ஸில் கம்பி கோர்த்துக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். முந்தின நாளே முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவிழ்ந்த கட்டின் வைக்கோலை வாரிப் பழையபடி பெட்டியில் போட்டு அமுக்கியிருந்தார்.

"கயிறு இல்லீங்க" என்றேன். "கயிறு தளரலீங்க. நான்தான் கம்பிக்கு ஆறு முறுக்குப் போடாம மூணு போட்டேன். அடி வரிச பூராவும் அப்படித்தான் போச்சு. தெரிஞ்சேதான் போட்டேனுங்க."

முதலாளி மிஷினைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா?" என்றார்.

தாலியைச் சொல்வதா, அக்காவை ஜெயிக்க நினைத்ததைச் சொல்வதா? "வெரசா முடிக்கலாம்னு..." என்றேன்.

"மிஷின இனிமேட்டு நீ தொடாத." என் கையில் ஒரு குறடைக் கொடுத்தார். மாமாவை நிறுத்தும் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அக்காவைக் கைகாட்டி மிஷினுக்குப் போகச் சொன்னார். அக்கா கைப்பிடியைப் பிடித்து மூன்று முழுச் சுற்று சுற்றினார். கடைசிச் சுற்றில் உடம்பையே சாய்த்து மெதுவாக இழுத்தார். "ஆறு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அடுத்த கம்பிக்குப் போனார். என்னைக் குத்திச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது.

மாமா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கட்டுப் போட்ட கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அப்ப நேத்து சேலத்துல உங்களுக்கு வேல ஒண்ணும் இல்ல?"

"இல்லடா."

"அங்கயே சொல்லியிருக்கலாமில்ல மாமா? ராத்திரி பூராப் படுத்துக்கிட்டு, எந்த முடிச்சுல வுட்டேன்னு நான் யோசிச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு நடந்துவரும்போது திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். "தாலி கட்டத் தெரியாத ஆளுக்கு எங்கக்காவக் குடுத்துட்டமே" என்றார். "நாளைக்கி எனக்குப் பொண்ணு பாக்கறப்ப கை ஏன் கோணலுன்னு கேட்டா, புளியமரத்துல இருந்து வுழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்களும் அதையே சொல்லுங்க. நெசத்தச் சொன்னா நம்ம வூட்டு மானம் போயிரும்." அந்தப் புளியமரம் அன்றைக்கு முளைத்ததுதான். கை கூடியது, ஆனால் கோணியே கூடியது. அவர் சாப்பாட்டுத் தட்டை ஏந்தும்போது பாருங்கள், தெரியும்.

அவர் சிரித்த பிறகாவது எனக்கு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அந்த மாடுகள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. வைக்கோலோடு சேர்த்துக் கம்பித் துண்டையும் விழுங்கிவிட்டால் மாடு பிழைக்காது. யாருடைய மாடோ.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு சாக்குப் பையையும் குறடையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அதே வளைவில் இறங்கினேன். கூட யாரையும் கூப்பிடவில்லை. நல்ல வைக்கோலை ஊர்க்காரர்கள் வாரிப் போயிருந்தார்கள். மிச்சம் மண்ணோடு கிடந்தது. குனிந்து கையால் துழாவித் துழாவிக் கம்பிகளைப் பொறுக்கினேன். சிலது நிமிர்ந்து கிடந்தது, சிலது புதருக்குள் போயிருந்தது, பனியில் துரு ஏற ஆரம்பித்திருந்தது. விரலெல்லாம் கீறல். லாரிகள் போகும்போது ஓரத்தில் ஒதுங்கி நின்றுகொண்டேன். கடைசியில் கிடைத்த ஒரு கம்பியில் என் மூன்று முறுக்கும் அவிழாமல் அப்படியே இருந்தன. குறடு தேவைப்படவில்லை. இரண்டு விரலாலேயே பிரிந்துவிட்டது.

அந்தக் கம்பியாலேயே சாக்கு வாயைச் சுற்றி, குறடால் முறுக்கினேன். ஆறு வரை வாய்விட்டு எண்ணினேன். கட்டி முடித்த பிறகும் எல்லாக் கம்பியும் கிடைத்துவிட்டது என்று நம்பிக்கை வரவில்லை. பஸ் வருவதற்குள் வளைவின் அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் வைக்கோலைக் காலால் விலக்கிப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை நடந்தேன்.